நாற்காலி கொடுக்காத தெரு

மதிப்பிற்குரிய அறக்கட்டளைத் தலைவியும் என் உடன்பிறந்த அக்காவுமாகிய தங்களுக்கு, சம்பளமில்லாத பயன் அளப்பு அலுவலராகிய தம்பி பணிவன்புடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தானும் பேரப்பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே வீடு சௌக்கியம், தண்ணீர்க் குழாய் சௌக்கியம். நான்தான் சரியில்லை. ஆகவே இக்கடிதத்தை என் ராஜினாமாவாகக் கொள்ளவும்.

தனியாக வாழும் முதியவர்களுக்குச் சாய்வு நாற்காலி கொடுத்தால் மகிழ்ச்சி எவ்வளவு கூடுகிறது என்று அளந்து வரத் தாங்கள் உத்தரவிட்டீர்கள். தபாலாபீஸ் தெருவுக்கு நாற்காலி. அச்சாபீஸ் தெருவுக்கு ஒன்றும் கிடையாது, ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டு தெருவிலும் மாதாமாதம், மகிழ்ச்சிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்க வேண்டும். போனேன். நாற்காலித் தெருவில் முதல் வீட்டு நாற்காலியில் துவைத்த துணி குவிந்து கிடக்கிறது, அடுத்த வீட்டில் பூனை தூங்குகிறது, அதை எழுப்ப மனசில்லாமல் அந்த வீட்டு அம்மாள் தரையில் உட்கார்ந்திருக்கிறார், மூன்றாம் வீட்டுப் பெரியவர் சாய்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் அப்படியே கிடந்து, என்னைக் கண்டதும் "நல்லவேளை வந்தீங்க, கையக் குடுங்க" என்று இழுத்த இழுப்பில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. மார்க் கேட்டால் மூன்று என்கிறார். இடுப்பு எனக்கு, மூன்று அவருக்கு!

அச்சாபீஸ் தெருவில் வேறு கூத்து. கேள்வித்தாள் முழுக்க நாற்காலிதான்: கை வைக்க வசதியா, கால் ஆடுகிறதா, துணி கிழிந்ததா. அங்கே நாற்காலியே இல்லை, எதைக் கேட்பது? எல்லாவற்றையும் அடித்துவிட்டு, மிஞ்சிய ஒரே கேள்வியைக் கேட்டேன்: "எப்படி இருக்கீங்க?" வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்சம்மா யோசித்தார். "மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க, எனக்கு அவசரமில்ல" என்று ஒரு மரியாதைக்குச் சொன்னேன். அவர் அதை நிஜமென்றே எடுத்துக்கொண்டு, மத்தியானம் வரை சொன்னார். அடுத்த மாதம் போனால் தெருவே ஸ்டூல் போட்டு வாசலில் காத்திருக்கிறது. "எதிர்வீட்டுக்காரருக்கு எட்டா? அப்ப எனக்கு ஒம்பது போடுங்க சார்" என்று சண்டை வேறு. யாருக்கும் எதற்கும் ரெண்டு மார்க்குக்கு மேல் தராத தச்சர்கூட ஏழுக்கு ஏறிவிட்டார்.

இதை அப்படியே அறிக்கையில் எழுதினேன். நம் அறக்கட்டளை ஆடிட்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "சார், ஒண்ணும் குடுக்காததுதான் நம்மளோட பெஸ்ட் திட்டம்! எல்லாத் தெருவுக்கும் இதையே செஞ்சிடலாம்" என்கிறார். நீயோ போனில், "அந்தத் தெருப் பக்கமே இனிமே போகாத, நம்ம நாற்காலி மானம் போகுது" என்று கத்துகிறாய். நான் என்ன பொய்யா எழுதினேன்? சின்ன வயசிலும் இதே கதைதான். உன் படத்துக்கு மார்க் போடச் சொல்வாய், குறைத்துப் போட்டால் கிள்ளுவாய். அந்த வயசில் ராஜினாமா செய்யத் தெரியவில்லை, இப்போது தெரியும்.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். இடுப்புக்கு நல்ல தைலம் இருந்தால் அனுப்பவும்.

இப்படிக்கு,
முன்னாள் அலுவலர், இந்நாள் தம்பி

பின்குறிப்பு: இதைத் தபால்பெட்டியில் போடக் கிளம்பினேன், அச்சாபீஸ் தெரு வழியாகத்தான் போக வேண்டும். போகிற போக்கில், இனி வரமாட்டேன் என்று சொன்னேன். நர்சம்மா தன் ஸ்டூலை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார். தச்சர் மட்டும், "இத்தன மாசமா எங்களக் கேட்டீங்க. உங்களுக்கு எத்தன சார்?" என்றார். என் மனைவி போனதிலிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை, அக்கா. தச்சர் தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளிப் போட்டு, "மெதுவா சொல்லுங்க, எனக்கென்ன அவசரம்" என்றார். விளக்கு வைக்கும்வரை பேசினேன். கடைசியில் எனக்கு எட்டு போட்டார், ரெண்டு மார்க் தச்சர்!

ராஜினாமா வாபஸ். நாளைக்குத் தபாலாபீஸ் தெருவிலும் நாற்காலிக் கேள்விகளை அடித்துவிட்டுத்தான் கேட்கப் போகிறேன். நீ கத்தினாலும் சரி. நாற்காலியைக் குறை சொன்னதையும் மறந்துவிடு, உட்கார்ந்து பேச ஏதாவது வேண்டுமே.

இன்னொன்று. போனில் நீ "அறிக்கை ஆச்சா?" என்பாய், நான் "ஆச்சு" என்பேன், வைத்துவிடுவோம். ஊரையெல்லாம் கேட்டவன் உன்னைக் கேட்கவே இல்லை. உனக்கு எத்தனை மார்க், அக்கா? மெதுவாக யோசித்துச் சொல். எனக்கு அவசரமில்லை.