நீல வயிற்றுக் கறையான்கள்

என் வீட்டில் இனி ஒரு கறையான்கூட என் அனுமதி இல்லாமல் யார் வயிற்றுக்குள்ளும் போகக் கூடாது. மழைக்காலத்தின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பல் தேய்ப்பதற்கு முன்பே நான் எடுத்த உறுதி இது.

சிரிக்காதீர்கள். என் நிலைமையில் இருந்தால் நீங்களும் எடுத்திருப்பீர்கள்.

என் கூண்டில் நான்கு குஞ்சுகள். நெருப்புச் சிவப்பில் இருக்குமே சில்லைக் குருவி, அதன் குஞ்சுகள். பொரித்த அன்று ஒவ்வொன்றும் நிலக்கடலை அளவு. அதில் முக்கால்வாசி வாய். பெரிய சில்லைகள் தினை தின்னும். குஞ்சுகளுக்குத் தினை ஆகாது. உயிரோடு நெளிகிற கறையானைத்தான் தாயும் தகப்பனும் ஊட்டும். ஒரு நாள் தவறினால் குஞ்சு தலை தொங்கிவிடும். அப்படிப்பட்ட கறையானை நான் பாடுபட்டுப் பிடித்துச் சேர்த்து வைத்தால், தினமும் பாதி காணாமல் போகிறது.

பாடு என்றால் சாதாரணப் பாடு இல்லை. காய்ந்த மாட்டுச் சாணத்தையும் சோளத்தட்டையையும் பானைக்குள் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கறையான் ஓடும் தடத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். விடிந்ததும் வெயில் ஏறுவதற்குள் தூக்க வேண்டும். அசந்தால் அத்தனையும் மண்ணுக்குள் இறங்கிவிடும். தமாலே நகரத்துக்கு வடக்கே எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைகள் செய்கிற வேலை. நானோ அறிவியல் வாத்தியார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். சாணத்தைச் செய்தித்தாளில் சுற்றித் தோள்பைக்குள் வைத்துத்தான் கொண்டுவருவேன். அப்படியும் அடுத்த வீட்டு அஃபா ஜிப்ரில் மோப்பம் பிடித்துவிட்டார். சைக்கிள் பழுது பார்க்கிறவர், வயதில் பெரியவர் என்பதால் மரியாதையாக 'அஃபா' என்றுதான் கூப்பிடுவோம்.

"என்ன வாத்தியாரே, பையில?"

"பாடக் குறிப்பு, அஃபா."

"குறிப்பே இந்த நாத்தம் நாறுதே, பாடம் எப்படி இருக்கும்?"

இந்தக் குருவிகளை எனக்குக் கொடுத்ததே என் மனைவி திபாக்யாதான். அதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷ மழையில், கல்யாணமான புதிதில், அவள் என்னிடம் ஓர் உதவி கேட்டாள்.

"என்னங்க, என் கினிக்கோழிக் குஞ்சுங்களுக்குக் கறையான் வேணும். நான் சந்தைக்கு ஓடுவேனா, பானை வைப்பேனா? சாணம் மட்டும் நீங்க சுமந்து தந்தா போதும்."

"திபாக்யா, எங்கப்பா தலையில சாணக்கூடை சுமந்தாரு. எங்கண்ணன் சுமந்தான். நான் சுமக்கக் கூடாதுன்னுதானே ஆட்டை வித்து என்னைப் படிக்க வச்சாங்க?"

"சரிங்க" என்றாள்.

அவளுடைய 'சரி'யில் அப்போது எனக்கு அனுபவம் போதாது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் அவள் குஞ்சுகளில் பாதிக்கு மேல் செத்துப்போயின. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இந்த வருஷம் முதல் மழை பெய்ததும் சந்தையிலிருந்து ஒரு கூண்டோடு வந்தாள்.

"பள்ளிக்கூடம் விட்டு வந்தா முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. பேச்சுத்துணைக்கு வச்சுக்கங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரணமே இல்லாமல் யாரும் எனக்கு அதுவரை பரிசு கொடுத்ததில்லை.

அப்புறம் முட்டை. அப்புறம் குஞ்சு. அப்புறம் சாணம்.

பிடித்த கறையான்களை ஒரு பிளாஸ்டிக் வாளியில் வைத்தேன். பக்கம் வழுவழுப்பு, ஏறி வர முடியாது. அடியில் உடைத்த புற்றுமண், மேலே நனைத்த அட்டை. எறும்பு நெருங்காதபடி வாளியைத் தண்ணீர்த் தட்டுக்குள் நிறுத்தி, வெயில் படாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

"மரக்கட்டிலுக்கு அடியில கறையான் வளர்க்கிற முதல் பட்டதாரி நீங்கதான்" என்றாள் திபாக்யா.

அந்த வாளியில்தான் தினமும் பாதி குறைந்தது. எறும்பா? தட்டில் தண்ணீர் அப்படியே இருந்தது. பல்லியா? அவ்வளவும் தின்றால் பல்லி நடக்க முடியாது. திபாக்யாவிடம் புலம்பினேன். அவள்தான் என் தலையைத் தடவி ஆறுதல் சொன்னாள்.

"பாவம், மனசை விட்டுடாதீங்க. இன்னும் ரெண்டு பானை சேத்து வச்சுப் பாருங்க."

வைத்தேன். அப்படியும் குறைந்தது. மறுபடி ஆறுதல் சொன்னாள். மறுபடி ரெண்டு பானை. ஊரிலேயே அதிகப் பானை கவிழ்த்த ஆள் என்ற பெயர் எனக்கு வந்துவிட்டது.

இந்தக் கவலைக்கு நடுவிலும் மற்றவர் நலத்தை நான் கவனிக்காமல் இல்லை.

"உன் கினிக்குஞ்சுங்க இந்த வருஷம் உருண்டுகிட்டு வருதே!"

"கடவுள் பாத்து ஊட்டுறாருங்க."

எவ்வளவு அடக்கமான பெண் என்று நினைத்தேன்.

உறுதி எடுத்த அந்த வெள்ளிக்கிழமைதான் எனக்கு அறிவியல் கைகொடுத்தது. கறையானின் வயிறு கண்ணாடி மாதிரி. தின்றது வெளியே தெரியும். கேக்குக்குப் போடுகிற நீலச் சாயத்தில் அட்டையை நனைத்து வைத்தால், அதைத் தின்கிற கறையானுக்கு வயிறு நீலம். கறையானைத் தின்கிறவனுக்கும் எங்காவது ஓரிடத்தில் நீலம். திருடன் வண்ணத்தோடு மாட்டுவான்!

ஆனால் என் குருவிக் குஞ்சுகளுக்குக் கெடுதல் வந்துவிட்டால்? அதனால் முதலில் நானே ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. நாக்கு மட்டும் நீலமாகிவிட்டது. திபாக்யா கஞ்சியோடு வந்தவள் கிண்ணத்தைக் கீழே போடப் பார்த்தாள்.

"ஐயோ, நாக்கு ஏங்க இப்படி இருக்கு?"

"பேனாவைக் கடிச்சிட்டேன்."

மறுநாள் வாளியில் எல்லா வயிறும் நீலம். அதற்கு மறுநாள் வழக்கம்போலப் பாதியைக் காணோம். நேரே அஃபா ஜிப்ரிலிடம் போனேன். எங்கள் ஊரில் ஈசலை வறுத்துத் தின்னாதவர் கிடையாது. ஈசலை விரும்புகிறவர் கறையானை விட்டுவைப்பாரா?

"அஃபா, நாக்கைக் கொஞ்சம் நீட்டுங்க."

"என்னை என்ன ஒண்ணாங்கிளாஸ் பையன்னு நினைச்சியா?"

"ஒரு ஆராய்ச்சி, அஃபா."

நீட்டினார். கோலாக்கொட்டை மென்ற சிவப்பு. நிரபராதி.

"அதே ஆராய்ச்சியை உன் கொல்லைப்பக்கம் பண்ணிப் பாரு, போ" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார்.

போனேன். திபாக்யாவின் கினிக்குஞ்சுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. அவை போன வழியெல்லாம் நீல நீலமாகப் பொட்டு வைத்தாற்போல் இருந்தது.

"திபாக்யா! வெளியே வா!"

அகப்பையோடு வந்தாள்.

"இது என்ன?"

"எச்சம்."

"என்ன நிறம்?"

"நீலம்... அட மனுஷா! அப்ப உங்க நாக்கும் இதனாலதானா? என்ன நோயோ ஏதோன்னு ரெண்டு நாளா நான் கஞ்சி குடிக்கல!"

"பேச்சை மாத்தாதே. என் குருவிக் குஞ்சுங்க பட்டினியில செத்திருந்தா?"

"ஒரு வேளையாவது பட்டினி கிடந்துச்சா? அதுங்க கிண்ணத்தை ரொப்பி வச்சிட்டு, மிச்சத்துலதான் கை வைப்பேன். போய்ப் பாருங்க."

பார்த்தேன். நான்கும் இறகு முளைத்துக் குச்சியில் உட்கார்ந்திருந்தன. ஒன்று தானாகவே தினையைக் கொத்திக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் கோபம் கொஞ்சம் நழுவப் பார்த்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"எடுக்கறதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே. போன வருஷம்."

பட்டப்படிப்பில் இந்தக் கேள்வி வரவே இல்லை. மிச்சமிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன்.

"சரி. என் குஞ்சுங்க தானே தின்ன ஆரம்பிச்சாச்சு. இன்னியிலிருந்து பானை கிடையாது, சாணம் கிடையாது. உன் குஞ்சுங்களை நீயே பாத்துக்க."

"சரிங்க."

இப்போது எனக்கு அந்தச் 'சரி'யில் அனுபவம் உண்டு.

அவள் கூண்டின் மூலையில் இருந்த கூட்டை விரலால் மெல்ல விலக்கிக் காட்டினாள். உள்ளே புதிதாக ஐந்து முட்டைகள்.

"அதுக்குள்ளயா?"

"குருவிக்காரர் அழகழகா எத்தனையோ ஜோடி காட்டினாரு. நான்தான், அழகு வேணாம், ஓயாம முட்டை போடுற ஜோடியாக் குடுங்கன்னு கேட்டு வாங்கியாந்தேன்."

அன்று சாயங்காலம் சாணம் சுற்றச் செய்தித்தாளைத் தேடினேன். அதில் அவள் கருவாடு சுற்றிவிட்டாளாம். சாணக்கூடையை அவளே என் தலையில் ஏற்றிவிட்டாள். உறுத்தாமல் இருக்க ஒரு துணிச் சும்மாடும் வைத்தாள். சும்மாடு கச்சிதமாக உட்கார்ந்தது.

"எப்படி இவ்வளவு சரியாப் பொருந்துது?"

"நீங்க தூங்கறப்ப அளவெடுத்துப் போன வருஷமே தைச்சு வச்சதுங்க."