ஆகாய அதியனின் பூட்ஸ்

ஆம்பூர் ரயில்வே ஸ்டேஷனை மூன்று தலை அரக்கன் விழுங்கிவிட்டதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அவனை அடக்க வந்த வீரன் ஆகாய அதியனின் பூட்ஸில் ஜிப் இல்லை என்பதுதான் பிரச்சினை.

“இன்னாண்ணா இது? முட்டி வரைக்கும் பூட்ஸு. ஜிப் இல்ல, லேஸ் இல்ல, எலாஸ்டிக் கூட இல்ல. காலை எப்படி உள்ள வுட்டான்?” என்று கேட்டாள் தையல் பிரிவு சகீனா.

புகழேந்தி தான் வரைந்த படத்தைக் குனிந்து பார்த்தான். சகீனா அவன் சட்டைப் பையிலிருந்த ஸ்டிக்கர் சுருளை உரிமையோடு எடுத்தாள். ஒரு சிவப்பு அம்பைக் கிழித்து வீரனின் முழங்காலில் ஒட்டினாள்.

“ரீவொர்க்” என்றாள். அதைச் சொல்வதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஷூ கம்பெனியில் புகழேந்திக்குச் செக்கிங் வேலை. தையல் கோணியிருந்தால், பசை வழிந்திருந்தால், அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவான். அம்பு ஒட்டிய ஷூ, செய்தவர்களிடமே ரீவொர்க்குக்குத் திரும்பிப் போகும். இத்தனை வருடத்தில் அவன் அம்பு ஒட்டாத ஆள் அந்தக் கட்டடத்தில் இல்லை. கேன்டீனில் அவன் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும்.

ஆனால் வீட்டில் அவன் ஓர் ஓவியன். இதுவரை வெளிநாட்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்த கம்பெனி, முதல் முறையாக உள்ளூர்க் குழந்தைகளுக்கு பூட்ஸ் விற்கப் போகிறது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எட்டுப் பக்கச் சித்திரக்கதை ஒன்று இலவசம். முதலாளி இஷ்தியாக் அகமது அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

“ஹீரோ நம்ம பூட்ஸ் போட்டிருக்கணும். படிக்கிறவங்க நம்பணும், அதான் முக்கியம். நம்ம செக்ஷன் ஆளுங்ககிட்ட காட்டி ஓகே வாங்கிட்டு சனிக்கிழமை எடுத்துட்டு வா. நல்லா வந்துச்சுன்னா டிசைன் ரூம்ல உனக்கு ஒரு சேர்.”

டிசைன் ரூமில் ஏசி உண்டு. அதைவிடப் பெரிய விஷயம், அங்கே யாருக்கும் அம்பு ஒட்ட வேண்டாம். மனிதர்கள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அந்த நாற்காலிக்காக புகழேந்தி எதையும் செய்யத் தயாராக இருந்தான். ஜிப் வரைவதா பெரிய காரியம்?

வரைந்தான். உள்பக்கமாக ஒரு ஜிப்.

“ரெண்டு காலையும் ஒட்டி வெச்சிக்கினு பறக்குறான். ஜிப்பும் ஜிப்பும் உரசாதா?” என்றாள் சகீனா. இன்னோர் அம்பு.

வெளிப்பக்கம் மாற்றினான். எட்டுப் பக்கத்தையும் மறுபடி வரைய வேண்டியிருந்தது.

அடுத்தது மதியழகன். மர அச்சில் தோலை இழுத்து ஷூவுக்கு வடிவம் கொடுக்கிற பிரிவு அவனுடையது. போன மாதம் ஒரே நாளில் புகழேந்தியிடம் பதினாறு அம்பு வாங்கியவன். படத்தைக் கண்ணுக்கு அருகே வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தான்.

“முனை இவ்ளோ கூரா இருக்கே. இந்த ஷேப்ல அச்சே கெடையாதுண்ணா. இத எந்த மெஷின்ல போட்டு இழுத்தீங்க?”

“இது படம்ப்பா.”

“படம்னா? பசங்க நம்பணும்னு முதலாளி சொல்லலியா?”

முனையை உருண்டையாக்கினான். வீரனின் பாதம் வாத்துப் பாதம் போல ஆனது. பாதத்துக்குப் பொருத்தமாகக் காலைப் பெருக்கினான். காலுக்குப் பொருத்தமாக உடம்பைப் பெருக்கினான். வீரன் இப்போது பார்க்க அரக்கனின் சித்தப்பா மகன் மாதிரி இருந்தான்.

மதியழகன் விடவில்லை. “ஒரு மடிப்பு கூட இல்லியே. போட்டு நடந்தா முன்னால மடிப்பு விழணும். ஹீல் ஒரு பக்கமா தேஞ்சிருக்கணும். இது பொட்டியிலர்ந்து எடுத்த மாதிரி பளபளன்னு இருக்கு. யாரு நம்புவாங்க?”

மூன்று அம்புகள். புகழேந்திக்கு அழுகையே வந்துவிட்டது.

“யப்பா, ஒரு டவுட்டு. இவன் பெங்களூர் ரயிலை ஒரு கையில தூக்கிக்கினு பாலாத்து மேல பறக்குறானே, அதுல எதுனா தப்பு இருக்கா?”

மதியழகன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். “அது கதைண்ணா. கதைன்னா பறக்கத்தான் செய்வான்.”

“அப்ப பூட்ஸும் கதை தானே?”

“பூட்ஸ் எப்படிண்ணா கதையாவும்? பூட்ஸு பூட்ஸு தானே.”

இதற்கு மேல் வாதாட புகழேந்தியிடம் தெம்பு இல்லை. அந்த வாரம் முழுக்கச் சாயங்காலங்களில் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மடிப்பு போட்டான், ஹீலைத் தேய்த்தான், அடியில் வழுக்காத கோடுகள் வரைந்தான், நூல் தையலை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தான். இவ்வளவும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் பூட்ஸைப் பெரிதாகக் காட்ட வேண்டும். எட்டுப் பக்கத்தில் ஐந்தை பூட்ஸ் எடுத்துக்கொண்டது. வீரன் வானத்தில் மிதந்தபடி ஜிப்பைப் போட்டு முடிக்கவே இரண்டு பக்கம் ஆனது. அதற்குள் அரக்கன் ஸ்டேஷனை முடித்துவிட்டு பிரியாணிக் கடைகளுக்கு வந்துவிட்டான்.

மனைவி கிறிஸ்டினா தட்டை வைக்க இடமில்லாமல் நின்றபடி கேட்டாள். “சண்டை எங்கங்க?”

“கடைசி பக்கத்துல ஒரு மூலையில இருக்குது பாரு.”

“யாரு ஜெயிக்கிறாங்க?”

“பூட்ஸு.”

சனிக்கிழமை முதலாளி அறையில் எல்லோரும் கூடினார்கள். வேலூரிலிருந்து அச்சகக்காரர் சாமுவேல் பக்கங்களை வாங்கிப்போக வந்து, ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். முதலாளி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“மாஷா அல்லா” என்றார் முதலாளி. “பூட்ஸை அப்படியே கையில எடுத்துடலாம் போல இருக்கு.”

“ஜிப் நான் சொன்னது சார்” என்றாள் சகீனா.

“மடிப்பு, ஹீல் தேஞ்சது எல்லாம் நம்ம ஐடியா சார்” என்றான் மதியழகன். “இப்ப ஒரு குறை சொல்ல முடியாது. நானே ரெண்டு ஜோடி வாங்குவேன்.” சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு புகழேந்தியின் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

முதலாளி டிசைன் ரூம் மாற்றல் உத்தரவை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார். கழற்றியவர், வந்த மனிதரை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டால் மரியாதையில்லை என்று திரும்பினார்.

“சாமுவேல் சார், நீங்க தான் வெளியாளு. பாத்துச் சொல்லுங்க. எதுனா நம்ப முடியாத மாதிரி இருக்கா?”

சாமுவேல் டம்ளரைக் கீழே வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் பார்த்தார். ஏதோ விட்டுப்போனது போல மறுபடியும் ஒருமுறை பார்த்தார்.

“தப்பா நெனைச்சிக்காதீங்க சார். எனக்கு ஷூ பத்தி ஒண்ணும் தெரியாது” என்றார். “மொத பக்கத்துலர்ந்து கடைசி வரைக்கும் இவரு பறந்துக்கினே இருக்காரு. காலு தரையிலயே படலியே, இவருக்கு எதுக்கு சார் பூட்ஸு?”