சொல்லாததைச் சொல்ல வைக்க ஆறு பாடங்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் உன் அம்மாவும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவது முறை. உனக்குக் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் எழுதி வருகிறேன். இன்று அந்த வரியை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விஷயத்துக்கு வருவதற்குள் கேட்பவர் எழுந்து போய்விடுகிறார் என்பது என்னைப் பற்றிய பொதுவான புகார். உன் அம்மாவுக்கு வருகிற பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஆபரேஷன். இது மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும். கீழ்வீட்டுக்காரருக்குத் தெரியும் போலிருக்கிறது. உனக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. எனக்கு மட்டும் தெரியாது. அதாவது தெரியும், ஆனால் அவள் சொல்லித் தெரியவில்லை. நாற்பத்தொரு வருடம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தவனிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் வாயால் அதைக் கேட்டுவிட வேண்டும் என்று மூன்று வாரமாக நான் படும் பாட்டைத்தான் இனி எழுதப் போகிறேன்.

ஏழு வாரத்துக்கு முன் நீ வந்திருந்தாய். என்னை வருடாந்திரப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாய், ரிப்போர்ட்டை நீயே வாங்கிப் படித்தாய், "உங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லப்பா, அம்மாகிட்டப் பேசத்தான் உங்களுக்குத் தெரியல" என்றாய். அன்று மாலையே சமூகக் கூடத்தில் நடக்கும் 'மனம் திறந்து பேசுவோம்' என்ற ஆறு வார வகுப்பில் என் பெயரைக் கொடுத்தாய். செவ்வாய்தோறும் நான்கிலிருந்து ஆறு வரை. நான் மறுக்கவில்லை. நீ சொன்னது உண்மைதான். வானிலை நிலையத்தில் தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுவதே முப்பத்து நான்கு வருடம் என் வேலை. மழை வருமா என்று சொல்பவர்கள் வேறு. பெய்ததை எழுதுபவன் நான். உன் அம்மா இதை, "எல்லாம் பெஞ்சு முடிஞ்சப்பறம் வந்து எவ்வளவுன்னு கேக்கற மனுஷன்" என்று சுருக்கிச் சொல்வாள். முன்பு ஒருமுறை அவளுக்கு விஷக் காய்ச்சல் வந்தபோது மணிக்கொருதரம் சூடு பார்த்து வரைபடம் போட்டுக் கதவில் ஒட்டினேன். டாக்டர் பாராட்டினார். அவள் உன்னிடம் போனில், "நர்ஸ் இருக்கு, ஆளத்தான் காணோம்" என்றாளாம். நீதான் அதை எனக்குச் சொன்னாய். அவள் சொல்லவில்லை.

வகுப்பில் பயிற்சியாளர் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது வகுப்புக்கு மறுநாள் இருமல் மருந்து வாங்கப் போனபோது மருந்துக் கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா வந்து எல்லாம் வாங்கிட்டுப் போயிட்டாங்க சார். பன்னெண்டாம் தேதி ஆபரேஷனாமே. ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க" என்றார். நான் இருமல் மருந்தை மறந்து வீட்டுக்கு வந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஏன், கடை மூடியிருக்கா?" என்றாள். "இல்லை" என்றேன். நேராகக் கேட்டிருக்கலாம் என்று நீ சொல்வாய். நானும் அன்றிலிருந்து அதையேதான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பயிற்சியாளர், "எதிரே இருப்பவரிடமிருந்து பிடுங்காதீர்கள், அவர்களாகச் சொல்ல இடம் கொடுங்கள்" என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். நான் அடிக்கோடும் போட்டிருந்தேன்.

ஆகவே முதல் பாடத்திலிருந்து வரிசையாக ஆரம்பித்தேன். முதல் பாடம், கண்ணைப் பார்த்துப் பேசுவது. அவள் வெங்காயம் நறுக்கும்போது எதிரே உட்கார்ந்து பார்த்தேன். எனக்குத்தான் கண்ணீர் வந்தது. "என்ன, கண்ணாடி மாத்தணுமா?" என்றாள். இரண்டாவது பாடம், அவர்கள் சொன்னதை நாம் திருப்பிச் சொல்வது, உடனே யோசனை சொல்லாமல் இருப்பது. அன்று காலை அவள், "குளியலறைக் குழாய் ஒழுகுது" என்றாள். "குழாய் ஒழுகுவது உனக்கு வருத்தமாக இருக்கிறது, அப்படித்தானே?" என்றேன். "எனக்கு என்ன வருத்தம், குழாய்தான் ஒழுகுது. பிளம்பரக் கூப்பிடுங்க" என்றாள். பிளம்பரைக் கூப்பிடுவது யோசனையில் சேருமா என்று எனக்குச் சந்தேகம். அடுத்த வகுப்பில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை வருவதற்குள் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கிவிட்டது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "என் கட்டில் மேல சொட்டுது சார்" என்று கத்தினார். "உங்கள் கட்டில் மேல் சொட்டுகிறது என்கிறீர்கள்" என்றேன், அவர் கண்ணைப் பார்த்தபடி. "என்ன சார், கிண்டலா? இந்த நேரத்துல உங்க வீட்டோட சண்டை போடக் கூடாதேன்னு பல்லக் கடிச்சிட்டு நிக்கிறேன்" என்றார். இந்த நேரம் என்றால் எந்த நேரம்? அவருக்கும் சொல்லியிருக்கிறாள். கட்டில் நனைந்தவனுக்குச் சொல்லியிருக்கிறாள், கட்டிக்கொண்டவனுக்குச் சொல்லவில்லை.

மூன்றாவது பாடம், முதலில் நம் பயம் ஒன்றைச் சொன்னால் எதிரே இருப்பவரும் தன் பயத்தைச் சொல்வார் என்பது. என்ன பயம் சொல்வது என்று ஒரு பட்டியல் போட்டு, பதினேழில் சிறியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "எனக்கு லிப்டில் ஏறப் பயம்" என்றேன். "அதான் ஊருக்கே தெரியுமே" என்றாள். நான் காத்திருந்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அது வந்துவிட்டது என்றே நினைத்தேன். அந்த நேரம் பார்த்து என் கை தன்னால் பைக்குள் போய் நான்காவது அட்டையை எடுத்தது. அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "பால் காயுது" என்று எழுந்து போனாள். அன்று வீட்டில் பாலே இல்லை.

மற்ற மூன்று பாடங்களையும் எழுதி உன்னைச் சோதிக்கவில்லை. மௌனம் காப்பது என்ற பாடத்தில் நாற்பது நிமிடம் இருவரும் மௌனமாக இருந்தோம், அவள் தூங்கிவிட்டாள். இடையில் ஒரு நாள் அலமாரி மேல் புதிய பை ஒன்று இருந்ததைத் திறந்து பார்த்தேன். தவறுதான். துண்டு, சோப்பு, பிளாஸ்க், அடியில் என் பழைய அரைக்கைச் சட்டை இரண்டு. ஆஸ்பத்திரியில் தனியாகப் படுத்திருக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள என் சட்டையை எடுத்துப் போகிறாள், ஆனால் என்னிடம் சொல்ல மாட்டாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒழுகும் குழாயைத் திறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நேற்று வகுப்பின் கடைசி நாள். எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். "யாரிடமாவது நெருங்க முடிந்ததா?" என்று பயிற்சியாளர் கேட்டார். முடிந்தது என்று கையைத் தூக்கினேன். எல்லோரும் தூக்கியிருந்தார்கள்.

மகளே, என் மேல் உன் அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. என்னிடம் சொன்னால் நான் அட்டவணை போடுவேன் என்று நினைக்கிறாள். போடுவேன்தான். ஆனால் அவள் மேல் கத்தி வைக்கும் நேரத்தில் நான் வாசலில் நிற்க வேண்டாமா? வகுப்பில் படித்ததெல்லாம் வீண். நீயே அவளிடம், 'அப்பாவுக்குத் தெரியும்' என்று இரண்டே வார்த்தை சொல்லிவிடு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தைக்கு என் முத்தங்கள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: மேலே உள்ளதை எழுதி முடித்து, எப்போதும் போல உன் முகவரியைச் சரிபார்க்க உன் அம்மாவிடம் கொடுத்தேன். உறை ஒட்டாமல்தான் இருந்தது. நின்றபடியே நான்கு பக்கமும் படித்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

"யாருக்கு ஆபரேஷன்?" என்றாள்.

"உனக்கு" என்றேன்.

"உங்களுக்குங்க" என்றாள்.

பையிலிருந்த அட்டைகளை எடுத்து மேஜை மேல் வைத்தேன். "எங்கே?" என்று மட்டும் கேட்டேன். என் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து, "இங்க" என்றாள். கையை எடுக்கவில்லை. "நீங்க பயந்துடுவீங்கன்னு உங்க பொண்ணுதான் சொல்லக் கூடாதுன்னுட்டா. அன்னிக்குக் காலையில, இன்னொரு டெஸ்ட்டுன்னு கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தோம். செவ்வாக்கிழம ரெண்டு மணி நேரம் நீங்க வெளிய இருந்தாத்தானே நாங்க போன்ல பேச முடியும்" என்றாள். வகுப்புக்கு நீ கட்டிய கட்டணம் வீண் போகவில்லை என்று தெரிந்து மகிழ்ச்சி. மனம் திறந்து பேச உங்கள் இருவருக்கும் அது மிகவும் உதவியிருக்கிறது.

நான்கு பக்கத்தை மறுபடி எழுதக் கை ஓடவில்லை. ஆகவே 'உன் அம்மாவுக்கு ஆபரேஷன்' என்று வரும் இடங்களிலெல்லாம் 'எனக்கு' என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். அவளுக்கு நம்பிக்கை இல்லை என்ற வரியை முழுவதும் அடித்துவிடவும். அந்த இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று நீயே முடிவு செய்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஐந்து நாளாகும் என்பது இப்போதுதான் உறைக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். எனவே தபாலில் போட்ட கையோடு உனக்குப் போன் செய்யப் போகிறேன். எடுத்ததும் வழக்கம் போல, "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்று சொல்லாதே. அவள் பக்கத்தில்தான் நிற்கிறாள். இந்தத் தடவை போனை வாங்க மாட்டாளாம்.