ஸ்கெக்னஸுக்கு வண்டி வருகிறது, டோரீனைத் தயாராக இருக்கச் சொல்

செஸ்டர்ஃபீல்டு,
வியாழக்கிழமை.

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மைத்துனர் கிளிஃபர்ட் அவர்களுக்கு,

உன் அக்காள் கணவன் நெவில் எழுதுவது. இங்கு நானும் வண்டியும் நலம். அங்கு நீயும், உன் விடுதியும், விடுதியில் தங்கியிருப்பவர்களும், அவர்களில் முக்கியமாக உன் அக்காள் டோரீனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஸ்கெக்னஸில் நல்ல கடற்காற்று அடித்துக்கொண்டிருக்கும். இங்கே மழை. 'அவர்களுக்கு' என்று ஆரம்பித்தது முறைக்காக. கடிதம் கொஞ்சம் நீளும்போல் இருப்பதால் இனி நீ என்றே எழுதிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உன் விடுதியில் இப்போதெல்லாம் போனை டோரீன்தான் எடுக்கிறாள். என் குரலைக் கேட்டதும், "மன்னிக்கணும், ரூம் எதுவும் காலி இல்ல" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். ஒரு நாள் குரலை மாற்றி ஸ்காட்லாந்துக்காரன் மாதிரி பேசிப் பார்த்தேன். "ஸ்காட்லாந்துக்காரங்களுக்கும் இல்ல, நெவில்" என்றாள். அதனால்தான் கடிதம். விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வருகிறேன், வண்டியில் வருகிறேன், டோரீனை வீட்டுக்கு அழைத்து வருகிறேன். கிளம்பும்போது அவள் போட்ட நிபந்தனை உனக்கும் தெரிந்திருக்கும். வாசலில் பெட்டியோடு நின்று, தெருவே கேட்கிற மாதிரி சொன்னாள்: "என் காரைப் பிரிச்சுப் போட்டேல்ல? அது மறுபடியும் காரா ஆகி, நம்பர் பிளேட்டோட, சட்டப்படி ரோட்ல வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போகட்டும். அப்பதான் இந்த வீட்டுல கால் வைப்பேன். அதுக்கு முன்னாடி பஸ்ல கிஸ்ல வந்து நின்னே, நடக்கிறதே வேற." ஆயுசு முழுக்கப் பஸ் கம்பெனியில் உட்கார்ந்து டைம்டேபிள் போட்டவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? ஆனாலும் அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை கிளிஃபர்ட், அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அவள் உன்னிடம் எப்படியெல்லாம் சொல்லியிருப்பாள் என்று தெரியும். என் தரப்பும் கொஞ்சம் இருக்கிறது. கிட் கார் என்றால் என்ன? கம்பெனிக்காரன் வண்டியை உதிரி உதிரியாகப் பெட்டிகளில் போட்டு அனுப்புவான், நாம் வீட்டில் உட்கார்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும். இரும்புச் சட்டம், தகடு, மட்கார்டு, முன்கண்ணாடி எல்லாம் வரும். எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் வராது. அதற்கு ஒரு பழைய காரைப் பிரித்தாக வேண்டும். இப்படி வண்டி கட்டுகிறவர்களுக்கென்று எங்களுக்கு ஒரு கிளப் உண்டு, அதில் அந்தப் பழைய காரைக் 'கொடையாளி' என்று மரியாதையாகச் சொல்வோம். டோரீனின் சிவப்புக் கார் கதவுக்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்தது. "இந்தத் தகர டப்பாவ யாராவது எடுத்துக்கிட்டுப் போனாத் தேவலை" என்று அவளே சொன்னதை இரண்டு காதாலும் கேட்டேன். யாராவது என்றால் அதில் நானும் ஒருவன்தானே? அவள் சர்ச்சில் பழைய துணி விற்பனைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, டெரெக்கும் நானும் காரியத்தை ஆரம்பித்தோம். டெரெக் எங்கள் அடுத்த தெருக்காரன், கிளப்பில் மூத்தவன், தன் வண்டியைக் கட்ட ஆரம்பித்து எத்தனையோ காலமாயிற்று, இன்னும் சக்கரம் போடவில்லை. டோரீன் இரண்டு கையிலும் பையோடு திரும்பி வந்தபோது, ஷெட்டில் எஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என் கார் எங்கே?"

"எல்லாம் இங்கதான் இருக்கு டோரீன். ஒரு நட்டுகூடத் தொலையல" என்றேன்.

அன்றைக்கு அது உண்மை.

அதற்கப்புறம் பெட்டிகள் வந்தன. ஷெட் கொள்ளவில்லை, சாமான் வீட்டுக்குள் நுழைந்தது. முன்கண்ணாடி சோபாவுக்குப் பின்னால், ஸ்டியரிங் துணி அலமாரியில், பெட்ரோல் டாங்க் மாடிப்படியின் திருப்பத்தில். கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோது கட்டிலுக்கு அடியில் ஏதோ இடிக்கிறது என்று காலையில் சொன்னாயே, அது பின்பக்க மட்கார்டுகள். சொன்னால் உனக்குத் தூக்கம் வராது என்றுதான் சொல்லவில்லை. வண்டியோடு வந்த வழிகாட்டிப் புத்தகத்தை எழுதியவன் நல்ல மனுஷன், ஆனால் அவசரக்காரன். 'படத்தில் உள்ளபடி பொருத்தவும்' என்று எழுதியிருப்பான், படத்தில் வேறு ஒரு வண்டி இருக்கும். டெரெக்கைக் கேட்டால் தேநீரை உறிஞ்சிக்கொண்டு, "அது அப்படித்தாம்ப்பா இருக்கும்" என்பான். எதைக் கேட்டாலும் இதுதான் பதில். கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒரு நாள் பப்பில் கூடுவோம். "எப்ப முடியும்?" என்று ஒருவன் கேட்பான், "ஈஸ்டருக்குள்ள" என்று மற்றவன் சொல்வான். எந்த ஈஸ்டர் என்று யாரும் கேட்பதில்லை, கேட்பது மரியாதை இல்லை. டோரீன் கிளப்பில் இல்லாததால் அவள் மட்டும் கேட்டாள்.

பாதிரியார் சாப்பிட வந்த ஞாயிற்றுக்கிழமை விவகாரம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. கியர்பாக்ஸின் மேல்மூடி எண்ணெய் பிசுக்காக இருந்தது. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. பாத்திரம் கழுவும் மெஷினில் போட்டால் பளிச்சென்று ஆகிவிடும் என்று கிளப்பில் எல்லோருமே சொல்வார்கள். எல்லோரும் செய்கிறார்கள், யாரும் வீட்டில் சொல்வதில்லை. போட்டேன், பளிச்சென்று வந்தது, எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அதற்குப் பிறகு அதே மெஷினில் விருந்துக்கான நல்ல தட்டுகளை டோரீன் கழுவப் போட்டது எனக்கு எப்படித் தெரியும்? பாதிரியார் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "கிரேவியில புதுசா என்னமோ சேர்த்திருக்கீங்க போல, டோரீன்" என்றார். டோரீன் தன் தட்டை முகர்ந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன். பாதிரியார் மட்டும் பாவம், ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தார். மறுநாள் காலையில் உன் அக்காள் ஸ்கெக்னஸ் பஸ் ஏறிவிட்டாள்.

அவள் போன பிறகு, சும்மா சொல்லக்கூடாது, வேலை மளமளவென்று நடந்தது. கோபித்துக்கொண்டு போனவளைக் கூட்டிவர வேண்டுமே என்ற நினைப்பு மனுஷனை எப்படி விரட்டுகிறது பார். பிரேக் போட்டேன், வயர் இழுத்தேன், விளக்கு எரிந்தது. முதல் தடவை இடது பக்கம் சிக்னல் போட்டால் ஹாரன் அடித்தது. "அது அப்படித்தாம்ப்பா இருக்கும்" என்றான் டெரெக். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் பேச்சைக் கேட்காமல் சரிசெய்தேன். ரோட்டுக்கு வருவதற்கு முன் வண்டியை அரசாங்கச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஒரு பந்தை வைத்துக்கொண்டு வண்டி முழுக்க உருட்டிப் பார்ப்பார்கள், பந்து தொடுகிற எந்த விளிம்பும் கூராக இருக்கக்கூடாது. அதனால் நாங்கள் விளிம்புக்கெல்லாம் ரப்பர் பட்டையும், போல்ட் தலைக்கெல்லாம் பிளாஸ்டிக் மூடியும் மாட்டிவிடுவோம். எனக்கு ரப்பர் போதவில்லை, தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கீறி மாட்டினேன். மூடியும் போதவில்லை. டோரீனின் முகப்பூச்சு டியூப்கள் எதற்கும் இப்போது மூடி இல்லை, அவள் வருவதற்குள் வேறு வாங்கி வைத்துவிடுகிறேன், இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

முதல் சோதனையில் ஃபெயில். ஆப்பிள்யார்ட் என்று ஒரு அதிகாரி, அமைதியான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். பந்தை உருட்டினார், சரி என்று குறித்தார். பிரேக்கை அழுத்தினார், தலையசைத்தார். பக்கத்து சீட்டுக்கு வந்ததும் அளவுகோலை எடுத்துக் குனிந்தார், அப்புறம் நிமிரவே இல்லை.

"சார், உக்கார்றவங்க தோள் இந்த உயரத்துல இருக்கும். பெல்ட் மாட்டுற போல்ட்டு எவ்வளவு கீழ இருக்கு பாருங்க. வண்டி எதுலயாவது மோதினா பெல்ட் ஆளைப் பிடிக்காது, முதுகெலும்பைப் போட்டு அமுக்கிடும். இதுல யாரு உக்காருவாங்க?"

"என் மனைவி."

"அவங்க மேல பிரியந்தானே சார்?"

"ரொம்ப" என்றேன்.

தப்பு எங்கே நடந்தது என்றால், என் சீட்டுக்கு நானே உட்கார்ந்து அளவெடுத்தேன். பக்கத்து சீட்டுக்கு டோரீன் இல்லையே, அதனால் ஒரு உருளைக்கிழங்கு மூட்டையை உட்காரவைத்து அளவெடுத்தேன். உருளைக்கிழங்குக்குத் தோள் கிடையாது என்பது அப்போது உறைக்கவில்லை. அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் பின்பக்கத் தகட்டைப் பெயர்த்து, டாங்கைக் கழற்றி, இரும்புச் சட்டத்தை வெட்டி மறுபடி வெல்டிங் வைக்க வேண்டும். மறுபடியும் எல்லாம் வீட்டுக்குள் வரும். ஷெட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டெரெக் வழக்கம்போலத் தேநீரோடு வந்தவன், வாழ்க்கையில் முதல் தடவையாக வேறு ஒன்று சொன்னான்.

"ஏம்ப்பா நெவில், சீட்டையே கழட்டிடேன். சீட்டு இல்லேன்னா பெல்ட்டு வேணாம். பெல்ட்டு இல்லேன்னா போல்ட்டு வேணாம். ஒத்தை ஆள் வண்டின்னு எழுதிக் குடுத்துடு."

இந்த மூளையை வைத்துக்கொண்டு இவன் ஏன் தன் வண்டிக்கு இன்னும் சக்கரம் போடவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கே சீட்டைக் கழற்றினேன். அந்த இடத்தில் அலுமினியத் தகட்டை வெட்டிப் போட்டு, சுற்றிலும் ரிவெட் அடித்து மூடினேன். ஈ நுழையாது, அவ்வளவு சுத்தமான வேலை. நீ வந்து தடவிப் பார்க்க வேண்டும். இரண்டாவது சோதனையில் பாஸ்! ஆப்பிள்யார்ட் அந்தத் தகட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன தடவை உங்க மனைவின்னு சொன்னீங்களே சார்..."

"அவங்க ஸ்கெக்னஸ்ல இருக்காங்க" என்றேன்.

"ஓ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு நேரம் ஏன் பிடித்துக்கொண்டிருந்தார் என்று புரியவில்லை, கனிவான மனிதர் போல. இப்போது நம்பரும் வந்துவிட்டது, பிளேட்டும் மாட்டிவிட்டேன், எல்லாம் டோரீன் சொன்னபடி சட்டப்படி.

முதல் நாள் ரோட்டில் ஓட்டியதைப் பற்றி ஒரு வரியாவது எழுதாமல் இருக்க முடியாது. கூரை கிடையாது, மழை நேராக மடியில் விழுந்தது. ஒரு லாரி பக்கத்தில் போனபோது அதன் சக்கரம் என் காதுக்கு நேராகச் சுற்றியது. மேட்டில் ஏறும்போது அந்த எஞ்சின் போட்ட சத்தம் இருக்கிறதே, டோரீன் சர்ச்சுக்கு ஓட்டிக்கொண்டு போன நாளில் அது ஒரு தடவைகூட அப்படிப் போட்டதில்லை. நான் கட்டின வண்டி, நான் முடுக்கின போல்ட், ஒன்றும் கழன்று விழவில்லை! தனியாக உட்கார்ந்து உரக்கச் சிரித்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இதை டோரீனிடம் காட்ட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு அவளைத் தயார்படுத்து. தலைக்கு இறுக்கமாக ஸ்கார்ஃப் கட்டிக்கொள்ளச் சொல். மழைக்கோட்டு அவசியம். பெட்டியை நீயே பிறகு பஸ்ஸில் அனுப்பிவிடு, வண்டியில் சாமான் வைக்க இடம் குறைவு. ஊருக்குள் வரும்போது வாசலில் நீங்கள் எல்லோரும் நின்றால் நன்றாக இருக்கும், ஆனால் வற்புறுத்தவில்லை. விடுதியில் உள்ள அனைவருக்கும் என் வணக்கங்கள். உன் முழங்கால் வலி சீக்கிரம் குணமாகட்டும், இந்தப் பருவம் முழுக்க உன் அறைகள் நிறைந்து வழியட்டும். டோரீனுக்கு என் அன்பு, அவள் வாங்கிக்கொள்கிற அளவுக்கு.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அக்காள் கணவன்
நெவில் பிராட்பென்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், டோரீன் உட்கார ஒரு மெத்தையை இப்போதே வண்டியில் வைத்துவிடலாம் என்று ஷெட்டுக்குப் போனேன். மெத்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வைக்க இடம் இல்லை கிளிஃபர்ட். நான்தான் மூடியிருக்கிறேன், ஈ நுழையாத மாதிரி. வேறு வழி தெரியாமல் உன் விடுதிக்குப் போன் செய்தேன். "ரூம் எதுவும்..." என்று ஆரம்பித்தாள். "டோரீன், வண்டி பாஸாயிடுச்சு, ஆனா அதுல ஒரே ஒரு சீட்டுதான் இருக்கு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வழக்கம்போல வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று, எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சரி, ஞாயித்துக்கிழமை ஓட்டிக்கிட்டு வா. சாவிய என் கையில குடு. என்னோட எஞ்சின், என்னோட கியர்பாக்ஸு, நானே ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போய்க்கிறேன்" என்றாள். "அப்ப நான்?" என்றேன். "நீ கொஞ்ச நாள் என் தம்பிகூட இரு. கடற்காத்து உடம்புக்கு நல்லது. பஸ்ல கிஸ்ல கிளம்பி வந்துடாதே நெவில், நானே அந்த வண்டியில வந்து உன்னைக் கூட்டிக்கிட்டுப் போறேன்." எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, நன்றிகூடச் சொன்னேன். போனை வைத்துவிட்டுத் தேநீர் போட்டு, பாதி குடித்த பிறகுதான் உறைத்தது: அவள் என்னைக் கூட்டிப்போக வருகிற வண்டியிலும் அதே ஒற்றைச் சீட்டுதானே. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. டோரீன் இருக்கும் அறையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அது எனக்கு வேண்டும்.