லாரிப் புகை, ஆஸ்துமா, மரம், குப்பை

பி.எட். படித்த யாரும் இதை வெளியே சொல்ல மாட்டார்கள். நான் சொல்லிவிடுகிறேன். செய்முறைத் தேர்வன்று நாங்கள் நடத்தியது பாடம் இல்லை, நாடகம். அதற்கு ஒரு வாரம் ஒத்திகை வேறு.

டயர் கடைக்கு மேல் இரண்டு மாடி. அதுதான் எங்கள் கல்லூரி. பயிற்சிக்கு என்னைத் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். ஏழாம் வகுப்பு, காற்று மாசுப் பாடம். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவார். தேறினால் ஜூனில் ஒரு தனியார் பள்ளியில் வேலை தயார். தேறாவிட்டால் துணிக்கடை. என் அப்பா துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். "இன்னொரு வருஷம்லாம் என்னால ஆவாதும்மா" என்று முன்பே சொல்லிவிட்டார்.

கேள்வி கேட்டால் அந்த வகுப்பு மொத்தமும் ஒன்றாகக் கத்தும். அதனால் மேதாவியான நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். முன் பெஞ்சில் ஐந்து பெண்கள். ஐந்து கேள்விக்கு ஐந்து பதில்: காற்று, லாரிப் புகை, ஆஸ்துமா, மரம், குப்பை. நான் கேள்வி கேட்டு டஸ்டரால் மேசையைத் தட்டினால், ஓரத்திலிருந்து வரிசையாக ஒவ்வொருத்தியாக எழுந்து தன் பதிலைச் சொல்ல வேண்டும்.

"கேள்விய கவனிக்காதீங்க, கொயம்பிடுவீங்க. தட்றத மட்டும் கவனிங்க" என்றேன். (சொன்னது, ஆசிரியராகப் போகிறவள்.)

பதில் வந்ததும் "மிக நன்று, உட்கார்" என்று நான் சொல்ல வேண்டும். பாராட்டும் திறன் என்று அதற்குத் தனி மார்க்.

தேர்வன்று சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டன. 'காற்று' சொல்ல வேண்டிய தேவி வந்து சேரவில்லை. மற்ற நால்வரும் நகர்ந்து அவள் இடத்தை மூடிவிட்டார்கள். (பெஞ்சில் காலியிடம் தெரியக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.) பயத்தில் நான் நோட்டை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

"நம்மைச் சுற்றி எங்கும் இருப்பது எது?" தட்டினேன்.

"லாரிப் புகை!"

"மிக நன்று, உட்கார்."

தேர்வாளர் தலையாட்டினார். (எங்கள் பக்கத்தில் அது சரியான பதில்தான்.)

"காற்றைக் கெடுப்பது எது?"

"ஆஸ்துமா!"

"மிக நன்று, உட்கார்."

ஏதோ இடித்தது. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டேனா? பக்கத்தை முன்னால் திருப்பினேன், பின்னால் திருப்பினேன். நோட்டு சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் மூளை கலங்கிவிட்டதோ?

"புகையால் வரும் நோய் எது?"

"மரம்!"

"மிக... நன்று. உட்கார்."

"நாம் வளர்க்க வேண்டியது எது?"

"குப்பை!"

அதற்கும் மிக நன்று. "நாம் எரிக்கக் கூடாதது எது?" தட்டினேன். யாரும் எழவில்லை. மறுபடி ஓங்கித் தட்டினேன். அந்த நேரம் பார்த்து மூச்சிரைக்க வாசலுக்கு வந்த தேவி, பையைக்கூட இறக்காமல் "காற்று!" என்று கத்தினாள்.

"மிக நன்று" என்றது என் வாய்.

தேர்வாளர் எழுந்து வந்தார். "இங்க என்னம்மா நடக்குது?" என்று முன் பெஞ்சில் கேட்டார்.

"மிஸ்ஸு தட்னா எய்ந்துக்கணும் சார். ஒரு வாரமா இதான் பண்ணிகினு கீறோம்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "ஏய், நான் கேட்டது இன்னான்னு காதுல ஏறல?"

"நீங்கதான மிஸ் கவனிக்காதன்னீங்க?"

தேர்வாளர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். "மரம் ஒரு நோய்னு சொன்ன பொண்ணையே பாராட்டிட்டீங்க. அந்தத் திறனுக்கு முழு மார்க். மத்ததுக்கு என்ன போடறதுன்னு எனக்கே குழப்பமா இருக்கு" என்றார்.

மயிரிழையில் தேறினேன். அந்த முழு மார்க் இல்லையென்றால் இன்று சேலை மடித்துக்கொண்டிருப்பேன்.

இந்தக் கதையை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. குழம்பில் உப்பு இல்லையென்றால் அப்பா தட்டைத் தட்டி "மிக நன்று, உட்கார்" என்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா அப்பாவைப் பார்த்து, "நீங்க இன்னா வேலை பாக்கறீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். உடனே என் தங்கை டம்ளரைத் தட்டினாள்.

அப்பா விறைப்பாக எழுந்து நின்று சொன்னார்: "லாரிப் புகை!"

கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் அன்று அவர் எதற்கு எழுந்தார், நான் ஏன் "மிக நன்று, உட்காருங்க" என்றேன் என்பது என் மாமியாருக்கு இன்னும் விளங்கவில்லை.