ஆயிரம் அடிப் புகை

எனக்கு நீரோட்டம் பார்க்கத் தெரியும் என்று ஒரு காலத்தில் நம்பினேன். அந்த நம்பிக்கையில் எனக்குக் கூட்டு யாருமில்லை.

எருமப்பட்டிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு காய்ந்துகொண்டிருந்தது. கிணற்றில் சேறுகூட இல்லை. காலையில் எழுந்து மரங்களைப் பார்க்கவே பயம். போர்வெல் போட்டால்தான் பிழைக்கும் என்ற நிலையில் பழனிசாமி நினைவுக்கு வந்தான். கூடப் படித்தவன், திருச்செங்கோட்டில் சொந்தப் போர் வண்டி வைத்திருப்பவன். பதினாலு வருடமாகப் பேச்சில்லை. சண்டையெல்லாம் இல்லை, என் சோம்பேறித்தனம்தான். (அவன் மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை.) காரியம் என்றதும் கூப்பிடுகிறோமே என்று கூசிக்கொண்டே போன் செய்தேன்.

“தோட்டத்துக்கு அதே வழிதானடா? வாரேன்,” என்றான். வேறு கேள்வியே இல்லை.

வந்தான். நான் சும்மா இருந்தேனா? உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்தால், தண்ணீர் இருக்கும் இடத்தில் அது எழுந்து நிற்கும் என்பார்கள். நடந்தேன். நின்றது. (கை லேசாகச் சாய்ந்திருக்கலாம்.)

“இது முழுப் பாறைடா. பள்ளத்துப் பக்கம் போடலாம்,” என்றான் பழனிசாமி.

“தேங்காயே சொல்லுது, நீ எதுத்துப் பேசறயா?”

என் மனைவி சரசுவும் பள்ளத்தைத்தான் காட்டினாள். நான் யார் பேச்சைக் கேட்டேன்?

ஆயிரம் அடி. ஒரு சொட்டு இல்லை, வெறும் புகை. பாறைத்தூள் கிளம்பி, பக்கத்துத் தோட்டத்து எருமை வரை வெள்ளையடித்தது. வண்டி நின்றபோது நாங்கள் இருவரும் மாவு மில்லில் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி இருந்தோம். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

டீத் தூக்கோடு வந்த சரசு நேராகப் பழனிசாமி முன்னால் போய் நின்றாள்.

“ஏனுங்க, உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா? பள்ளத்துல போடுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா? பதினாலு வருசமா நீங்க எட்டிப் பாக்காட்டியும், ஒரு போன் போட்டதும் ஓடியாந்த அந்த அண்ணன் மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?”

அந்த அண்ணன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். நான் பக்கத்தில் வாயைத் திறக்கவில்லை. (திறந்தால் அடையாளம் தெரிந்துவிடுமே!) கடைசியில் அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். சரசுவின் கையிலிருந்த தூக்கு நழுவியது.

“ஐயோ, அண்ணனுங்களா!”

“பரவால்ல தங்கச்சி, பாதியில நிறுத்தாதீங்க. மிச்சத்தையும் கொட்டிருங்க.”

மறுநாள் பள்ளத்தில் போட்டோம். அங்கேயும் புகைதான். தோப்பு போய்விட்டது. மரங்களை வெட்டிய அன்று எனக்குப் பார்க்கத் தெம்பில்லை, வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். திருச்செங்கோட்டிலிருந்து வந்து கடைசி மரம் சாயும்வரை நின்றவன் பழனிசாமி.

இன்றும் நான் ஏதாவது ஏடாகூடம் செய்தால் சரசு என்னிடம் பேசுவதில்லை. போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, பழனிசாமியைத்தான் திட்டுகிறாள். எதற்கு என்றுகூடக் கேட்காமல் அவன் அங்கிருந்து சொல்கிறான்:

“தப்புத்தானுங்க. இனிமே செய்ய மாட்டேனுங்க.”