மேல்மாடிக்குப் போன கேபிள்

என் வாயிலிருந்து ‘தெரியாது’ என்ற சொல்லை வரவழைப்பது, கடைமடைக்குத் தண்ணீர் வரவழைப்பதைவிடக் கஷ்டம். கம்ப்யூட்டர் படித்த பையன் என்று ஊர் நம்பிவிட்ட பிறகு அந்தச் சொல் சுத்தமாகவே மறந்துபோனது. (படித்தது உண்மை. தேறியது வேறு கதை.)

பட்டுக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் அக்காவுக்கு நிக்காஹ். சவூதியில் தம்மாம் நகரத்தில் வேலை பார்த்த எங்கள் அப்பாவுக்கு, அதாவது அத்தாவுக்கு, கடைசி நேரத்தில் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அக்கா சாப்பிடவில்லை. அம்மா அழுதார். நான் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, “அத்தாவ மண்டபத்து டிவியிலயே கொண்டாந்து உக்கார வைக்கிறேன், பாருங்க” என்றேன்.

என் லேப்டாப் மெலிந்த ஜாதி. பக்கவாட்டில் இரண்டே இரண்டு பொடித் துளைகள்தான். அதனால் கடைத்தெருவில் நான்கு வாய் வைத்த ஒரு ஹப் வாங்கி, அதில் மைக், மவுஸ், நெட்டுக்காக ஃபோன் எல்லாவற்றையும் செருகினேன். மவுஸ் தேவையே இல்லை. பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் பயம் வரட்டும் என்றுதான்.

மண்டபத்தில் கீழே ஆண்கள், மேல்மாடியில் பெண்கள். இரண்டு இடத்திலும் பெரிய டிவி. மேடை ஓரத்து மேசைக்கு இரண்டு கறுப்பு கேபிள்கள் வந்தன.

“ஒண்ணு கீழ் டிவிக்கு, இன்னொண்ணு மேல போவுது தம்பி. மேல போறது என் கேமராவுக்கு, பொம்பளைங்களுக்கு மேடையக் காட்டணும், தொட்டுறாதீங்க” என்றார் வீடியோக்காரர்.

“தெரியும்ணே” என்றேன். எது எது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்ன ஆவது? அவர் பிரியாணியைத் தேடிப் போய்விட்டார்.

நிக்காஹுக்கு அரை மணி நேரம் இருந்தது. ஒரு கேபிளை ஹப்பில் செருகி வீடியோ காலைப் போட்டேன். லேப்டாப்பில் அத்தா வந்தார், சத்தம் வரவில்லை. எதிரே சுவரில் இருந்த டிவியில் ஒன்றுமே வரவில்லை. கேபிளைப் பிடுங்கினேன், ஊதினேன், சட்டையில் துடைத்தேன், பிஸ்மி சொல்லி மறுபடி செருகினேன். ம்ஹூம். அத்தாவின் ரூம்காரருடைய ஃபோனுக்குக் கூப்பிட்டேன்.

“அத்தா, படம் தெரியிது, சத்தம் வரல. இதுலயே பேசுங்க.”

“என்னைய வேற யாரும் பாக்கலையே?”

“யாரும் பாக்கல அத்தா. டிவி கறுப்பா கெடக்கு.”

அதைக் கேட்டதும் மனிதர் ஆசுவாசமானார். கைலி, பனியன். பழைய பல் பிரஷ்ஷால் மீசைக்கு டை அடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

“மாப்பிள்ளையோட அம்மா இருக்காங்கள்ல, போன லீவுல நான் இருந்தப்ப பொண்ணு பாக்க வந்து சுகரு சுகருன்னு சொல்லிக்கிட்டே வட்டலாப்பத்த மூணு தடவ வாங்கிச் சாப்பிட்டாங்க. அவங்களுக்குத் தனியா எடுத்து வைக்கச் சொல்லு. வாயால கேக்கமாட்டாங்க, கண்ணால கேப்பாங்க.”

அந்தக் கண்ணையும் கேமராவுக்கு நேராக நடித்துக் காட்டினார்.

மேல்மாடியில் கூரை பிய்த்துக்கொள்வது போல ஒரு சிரிப்பு. பெண்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நிமிடம் மாடிப்படியிலிருந்து அம்மாவின் குரல்.

“அடேய்! ஒங்க அத்தா மேல ஓடிக்கிட்டு இருக்காருடா, படமும் சத்தமுமா!”

குனிந்து பார்த்தேன். கீழ் டிவியின் கேபிள் மேசைக்கடியில் சும்மா கிடந்தது. மாப்பிள்ளையின் அம்மா மேலேதான் உட்கார்ந்திருந்தார். இதில் பாதி விஷயத்துக்கே நின்றுபோன கல்யாணங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அக்காவின் வாழ்க்கையை ஒரு கேபிளால் முடித்துவிட்டேனே என்று படிக்கட்டுக்கு ஓடினேன்.

“சம்மந்தியம்மா என்னம்மா சொன்னாங்க?”

“மூணு இல்லியாம், நாலாம். சம்மந்திக்கு ஞாபகம் பத்தலங்கிறாங்க” என்றார் அம்மா, சிரிப்பை அடக்க முடியாமல்.

போன உயிர் திரும்பியது. உடனே கேபிளைப் பிடுங்கப் போனேன்.

“தொடாதடா! ஒங்க அக்கா அத்தாவ விட்டுக் கண்ண எடுக்காம உக்காந்திருக்கா.”

அப்போதுதான் புரிந்தது. நான் சரியாகச் செருகியிருந்தால் அத்தா கீழே எங்களுக்குத்தான் தெரிந்திருப்பார். மேலே இருந்த மகளுக்குத் தெரிந்திருக்கமாட்டார். எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

திரும்பி வந்த வீடியோக்காரர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. அத்தாவுக்கு நிக்காஹ் தெரியட்டும் என்று லேப்டாப்பை மேடைப் பக்கம் திருப்பி வைத்தேன். மாப்பிள்ளை சம்மதம் சொன்னபோது மேலே ஒருவரும் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டையில், தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்த அத்தாவைத்தான் பார்த்தார்கள். கழுவ நேரமில்லாத டை கண்ணீரோடு சேர்ந்து தாடை வரைக்கும் வழிந்ததாம். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாளாம். லேப்டாப் பக்கத்தில் நின்று நானும் அழுதேன்.

அக்காவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். இன்றைக்கும் நான் மிக்ஸி ஒயரைச் செருகினால்கூட வீட்டில் யாராவது ஒருவர், “எதுக்கும் மேல போயி ஒரு தடவ பாத்துட்டு வந்துரு” என்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.